திரைக்கு முதுகு காட்டி உட்கார்ந்தவள்

என் அக்கா பார்த்த கொலைகளுக்குக் கணக்கே கிடையாது என்று எல்லோரும் நம்பினார்கள். உண்மையில் அவள் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. இது எனக்கும் அம்மாவுக்கும் தியேட்டர் டார்ச்காரருக்கும் இன்னும் ஓரிருவருக்கும் மட்டும் தெரிந்த விஷயம். இப்போது அம்மாவும் இல்லை, டார்ச்காரரும் இல்லை, அக்காவும் போய்விட்டாள். இனி யாருக்காக வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்?

அவள் கல்லூரியில் நடத்திய பாடத்தின் பெயர், 'இலக்கியம், நாடகம், திரைப்படம் ஆகியவற்றில் வன்முறை'. சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும். பசங்க அதை 'அடிதடி' என்று சுருக்கிவிட்டார்கள். அக்கா 'அடிதடி மிஸ்' ஆனாள். "இன்னிக்கு மூணாவது மாடில அடிதடி இருக்கா?" என்று இரண்டு பேர் பேசிக்கொண்டு போனதைக் கேட்டுப் புதிதாக வந்த காவலாளி முதல்வர் அறைக்கு ஓடியிருக்கிறார். அவர் தடியுடன் மூன்றாவது மாடிக்கு ஏறிப் போனபோது அக்கா கரும்பலகைக்கு முன்னால் நின்று, ஒரு பழைய நாடகத்தில் ராஜா ஏன் மேடைக்கு வெளியிலேயே சாகிறார் என்று சொல்லிக்கொண்டிருந்தாளாம். அவரையும் உட்காரச் சொன்னாள். அவரும் உட்கார்ந்து கேட்டுவிட்டுத்தான் போனார்.

ஆனால் அடிதடி மிஸ்ஸுக்கு ரத்தம் ஆகாது. நான் மருந்துக் கடையில் வேலை பார்த்தேன். என்னைப் பார்க்க வந்தால் வாசலிலேயே நிற்பாள். உள்ளே யாராவது ஊசி வாங்கிக்கொண்டிருந்தால் போதும், முகம் வெளுத்துத் தெருவைப் பார்க்கத் திரும்பிவிடுவாள். பேனாக்கத்தி விரலில் பட்டு ஒரு சொட்டு வந்ததற்கு மயங்கி விழுந்து, கட்டில் காலில் தலை இடித்து, அதற்குத் தையல் போட வேண்டி வந்தது. அந்தத் தையலைப் போடும்போது இன்னொரு தடவை மயங்கினாள். இப்படிப்பட்டவள் உலகத்தில் வேறு பாடமே இல்லாத மாதிரி இதைப் பிடித்துக்கொண்டாள். "ஏன்டி, பூ, நிலா, மழைன்னு எதையாவது படிக்கக் கூடாதா?" என்று அம்மா கேட்பாள். "அதையெல்லாம் படிக்க நிறைய பேர் இருக்காங்கம்மா" என்பாள்.

எங்கள் வீட்டில் யாரும் யாரையும் அடித்ததில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அப்பா தபால் அலுவலகத்தில் முத்திரை குத்துகிறவர். ஆபீஸில்தான் டப்டப் என்று சத்தம், வீட்டில் அவர் இருப்பதே தெரியாது. கொசு உட்கார்ந்தால் அடிக்க மாட்டார், ஊதி விடுவார். நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே போய்விட்டார். அதற்குப் பிறகு அக்கா டியூஷன் எடுத்து, அப்புறம் கல்லூரி வேலை கிடைத்து, எங்களைத் தூக்கி நிறுத்தினாள். அம்மாவின் வாயில் மட்டும்தான் கொலை இருந்தது. "இப்ப சாப்பிட வரலைன்னா கொன்னே போட்டுடுவேன்" என்பாள். "உயிரை வாங்காதீங்கடி" என்பாள். அக்கா தட்டின் முன் உட்கார்ந்து, "அம்மா, இன்னிக்குக் காலைலேர்ந்து ஏழெட்டுக் கொலை மிரட்டல் விட்டிருக்க" என்பாள். அதற்கும் ஒரு மிரட்டல் விழும்.

ரத்தம் பார்க்க முடியாதவள் வன்முறையை எப்படிப் படிப்பாள்? அதற்கு அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். காட்சியைப் பார்க்க மாட்டாள். காட்சியைப் பார்க்கிறவர்களைப் பார்ப்பாள்.

புத்தகம் என்றால், கீழ் வீட்டுத் தையல்காரரைக் கூப்பிட்டு உட்காரவைத்து ஒரு கொலைப் பகுதியை உரக்கப் படிக்கச் சொல்வாள். அவர் எந்த இடத்தில் எச்சில் விழுங்குகிறார், எந்த வரியை வேகமாகத் தாண்டுகிறார் என்று கவனிப்பாள். நாடகம் என்றால் பக்கத் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டு முன்வரிசைக்காரர்களைப் பார்ப்பாள். சினிமாவுக்குத்தான் பெரிய ஏற்பாடு. எங்கள் தெருக்கோடி தியேட்டரில் திரைக்குக் கீழே, வெளியே போகும் கதவை ஒட்டி ஒரு மர ஸ்டூல் போட்டிருக்கும். அதில் திரைக்கு முதுகைக் காட்டி, ஜனங்களைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். மேனேஜர் முதலில் அவளைச் சுகாதாரத் துறை ஆள் என்று நினைத்துவிட்டார், எலி ஓடுகிறதா என்று பார்க்க வந்திருக்கிறாள் என்று. விஷயம் தெரிந்ததும் நிம்மதியில், "எத்தனை நாள் வேணும்னாலும் உட்காருங்கம்மா" என்று சொல்லிவிட்டார். டார்ச்காரர் ஸ்டூலைத் துடைத்து வைப்பார். சண்டைக் காட்சி வருவதற்கு முன்னால் பக்கத்தில் வந்து, "அம்மா, இப்ப வருது, பார்த்துக்குங்க" என்று குனிந்து சொல்வார்.

அந்த மேட்னி ஷோக்களை நினைத்தால் இப்போதும் எனக்கு ஏக்கமாக இருக்கிறது. மதிய வெயிலிலிருந்து உள்ளே நுழைந்ததும் கண் தெரியாத இருட்டு, பழைய மெத்தை வாசனை, சுருட்டி எறிந்த கடலைப் பொட்டலக் காகிதம் காலில் சரசரக்கும் சத்தம். முன்னால் திரையில் ஒரு கதை. அதற்குக் கீழே கைகளை மடியில் வைத்துக்கொண்டு என் அக்கா. திரையின் வெளிச்சம் எங்கள் முகத்தில் விழும், அவள் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வருவாள். ஒன்றும் எழுத மாட்டாள். "எழுதக் குனிஞ்சா ஒரு முகம் போயிடும்டி" என்பாள். வீட்டுக்கு வந்த பிறகு என்னிடம் கதை கேட்பாள். "யாரு யாரைக் குத்தினா? ஏன் குத்தினா?" நான் சொல்லச் சொல்ல, "ஆமா, அப்பதான் அந்தக் கோடு போட்ட சட்டைக்காரர் நாற்காலிக் கைப்பிடியைப் பிடிச்சாரு" என்பாள். பாதிப் படம் என்னிடம், பாதிப் படம் அவளிடம். இரண்டையும் ஒட்டி முழுப் படமாக்கிய பிறகுதான் சாப்பாடு.

அம்மாவும் எங்களோடு வருவாள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போவதில் ஒரே ஒரு சங்கடம். யாராவது யாரையாவது அடிக்கக் கையை ஓங்கினால் அம்மா சிரித்துவிடுவாள். மெல்லிய சிரிப்பு இல்லை, ஹி ஹி என்று கேட்கிற சிரிப்பு. துப்பாக்கிச் சண்டைக்குச் சிரிக்க மாட்டாள், வெட்டுக் குத்துக்குச் சிரிக்க மாட்டாள். கன்னத்தில் அறை, பிரம்பு, பெல்ட் என்றால் சிரிப்பு வந்துவிடும். முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். நான் நாற்காலிக்குள் புதைந்துகொள்வேன். "அம்மாவுக்கு எங்க சிரிக்கணும், எங்க அழணும்னே தெரியாது" என்பது எங்கள் வீட்டின் நிரந்தர ஜோக். அம்மாவும் அதற்குச் சேர்ந்து சிரிப்பாள்.

அக்கா அந்தச் சிரிப்பை ஒரு நாளும் கணக்கில் எடுக்கவில்லை. அது அவளுடைய சட்டம். "வீட்டு ஆளுங்க முகம் ஆராய்ச்சில சேராது. அவங்களைப் பார்க்கும்போது பாசம்தான் பார்க்கும், கண்ணு பார்க்காது" என்பாள். எங்கள் வரிசை வந்தால் அவள் பார்வை எங்கள் தலைக்கு மேல் தாண்டிப் போய்விடும். அதை நானே பார்த்திருக்கிறேன்.

அவளுடைய ஆராய்ச்சியில் எல்லோரும் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடிய அத்தியாயம் ஒன்று உண்டு. அடி விழும்போது ஜனங்கள் மூன்று விதம் என்பாள். "கை தட்டுறவனுக்குக் கோபம் இருக்கு, பேசித் திருத்தலாம். கண்ணை மூடிக்கிறவன் நல்லவன். சிரிக்கிறான் பாரு, அவன்கிட்டதான் ஜாக்கிரதையா இருக்கணும். அடுத்தவன் வலி அவனுக்கு வேடிக்கை." அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் இதைப் படித்துவிட்டு, இந்த ஒரு அத்தியாயத்துக்கே டாக்டர் பட்டம் கொடுக்கலாம் என்றாராம். அக்கா அன்று எல்லோருக்கும் ஐஸ்கிரீம் வாங்கி வந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் என் மருந்துக் கடைக்கு லிஃப்ட் மெக்கானிக் வர ஆரம்பித்தார்.

விரலுக்குப் பிளாஸ்திரி வாங்க வருவார். எப்போதும் ஏதாவது ஒரு விரலில் காயம். கிரீஸ் கறை போகாத கை, அதில் ரூபாயைக்கூட ஓரத்தில் பிடித்துக் கொடுப்பார், அழுக்காகிவிடக் கூடாது என்று. பேச்சு குறைவு. ஒரு நாள், "உங்க கையில விரல் மிச்சம் இருக்கா, இல்ல லிஃப்டு எல்லாத்தையும் சாப்பிட்டுடுச்சா?" என்று கேட்டேன். பத்து விரலையும் கண்ணாடி மேஜையில் விரித்து வைத்துக் காட்டினார். எனக்கு அன்றே பிடித்துவிட்டது. அவருக்கும்தான். காயம் இல்லாத நாட்களிலும் பிளாஸ்திரி வாங்கினார். இந்த மனிதரைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று நான் முடிவு செய்து அம்மாவிடம் சொன்னேன். "எனக்கென்ன தெரியும். பெரியவ பார்த்துச் சொல்லட்டும்" என்றாள் அம்மா. எங்கள் வீட்டில் அக்கா சரி என்றால்தான் சரி. அப்பா போன பிறகு அவள் சொன்னதில் ஒன்றுகூடத் தப்பாகப் போனதில்லை, அதனால் எனக்கும் அவள் வாயால் அந்தச் சரி வேண்டியிருந்தது.

"ஞாயித்துக்கிழமை மேட்னிக்கு வரச் சொல்லு" என்றாள் அக்கா.

"அய்யோ, ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்க்கப்போறியா?"

"பின்ன? வீட்டுக்கு வந்து பிஸ்கட் கடிக்கிறப்ப யாரோட முகமும் நல்லாத்தான் இருக்கும்."

அவர் தலைக்கு எண்ணெய் வைத்து, நகத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். எனக்கு ஒரு பக்கம் அம்மா, இன்னொரு பக்கம் அவர். படம் பாதி ஓடியிருக்கும். ஒரு தகப்பன் இடுப்பிலிருந்து பெல்ட்டைக் கழற்றுகிறான், பையன் சுவரோரம் ஒதுங்குகிறான். தியேட்டரே அமைதியாகிவிட்டது. அப்போது என் இரண்டு காதிலும் ஒரே நேரத்தில் சிரிப்புக் கேட்டது. இந்தப் பக்கம் அம்மாவின் ஹி ஹி. அந்தப் பக்கம் அவருடைய சிரிப்பு, தொண்டைக்குள்ளிருந்து எகிறி வந்த மாதிரி. எனக்கு அப்போது என்ன தோன்றியது தெரியுமா? ஆஹா, மாமியாரும் மருமகனும் நன்றாக ஒத்துப்போவார்கள் என்று தோன்றியது. பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தேன். கீழே ஸ்டூலில் அக்காவின் பார்வை அவர் மீதே நின்றிருந்ததை நான் கவனிக்கவில்லை.

அன்று சாயங்காலம் அவள் என்னிடம் கதை கேட்கவில்லை. சமையலறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"வேண்டாம்டி" என்றாள்.

"எது வேண்டாம்?"

"அவர். சின்னப் பையனைப் பெல்ட்டால அடிக்கிறான், அதைப் பார்த்துச் சிரிக்கிறார். நாளைக்கு உனக்கு ஒரு பிள்ளை பிறக்கும்."

நான் கத்தினேன். அந்தக் கையைப் பார்த்திருக்கிறாயா, ஒரு ஈயைக்கூடத் தொந்தரவு செய்யாது என்று கத்தினேன். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் ஜெயித்திருப்பேன். கண் கலங்கி, "எனக்கு நீ ஒருத்திதான்டி இருக்க. என்கிட்ட இருக்கிற ஒரே வித்தை இது. இதை வெச்சும் உன்னைக் காப்பாத்தலைன்னா நான் படிச்சு என்ன?" என்றாள். அதைவிட மோசம், அந்தச் சிரிப்பு எனக்குள்ளும் கேட்க ஆரம்பித்துவிட்டது. கடையில் மாத்திரை எண்ணும்போது கேட்டது. அடுத்த முறை அவர் வந்தபோது, இனி பிளாஸ்திரி வேறு கடையில் வாங்கிக்கொள்ளுங்கள் என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் படி இறங்கிப் போனார். கேட்டிருந்தால்கூட ஆறியிருக்கும் எனக்கு.

அதன் பிறகு அக்காவோடு பேசுவதை நிறுத்திவிட்டேன். சாப்பாடு போட்டால் சாப்பிடுவேன், பேச மாட்டேன். அம்மா எங்கள் இருவருக்கும் நடுவில் செய்தி கொண்டுபோகிற தபால்காரியாக ஆனாள்.

அப்படி இருக்கையில் ஒரு மழை நாள். அக்கா அந்தப் புகழ்பெற்ற அத்தியாயத்தை ஏதோ கருத்தரங்கில் வாசிக்க வேண்டியிருந்தது, அதனால் கூடத்தில் நின்று உரக்கப் படித்துப் பழகிக்கொண்டிருந்தாள். அம்மா தரையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் ஜன்னல் ஓரம் முறைத்துக்கொண்டிருந்தேன். அக்கா, எடுத்துக்காட்டுக்காக ஒரு நாவல் காட்சியைப் படித்தாள். ஒரு பெண் குழந்தை பாலைக் கொட்டிவிடுகிறது. வீட்டுப் பெரியவர் நாற்காலியிலிருந்து எழுந்து பெல்ட்டை உருவுகிறார்.

அம்மா சிரித்தாள். ஹி ஹி.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்தது என்று தெரியவில்லை. "இதோ இருக்கா பாரு உன் ஆராய்ச்சில வர்ற ஆளு! அடியைப் பார்த்துச் சிரிக்கிற கொடுமைக்காரி! இவளையும் வேண்டாம்னு சொல்லி வீட்டை விட்டு அனுப்பு. அன்னிக்கு தியேட்டர்லயும் ரெண்டு பேரும்தான் சிரிச்சாங்க. எனக்கு ரெண்டு காதும் இருக்கு. உனக்குத்தான் ஒரு கண்ணு இல்ல" என்று பொரிந்து தள்ளினேன்.

அக்கா கையில் தாளோடு அப்படியே நின்றாள். முதன்முறையாக, ஸ்டூலில் இருந்து பார்க்கிற பார்வையை அம்மாவின் பக்கம் திருப்பினாள்.

"அம்மா, இப்ப ஏன் சிரிச்ச?"

"நானா? சிரிச்சேனா?" அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். "அது எனக்கு அப்படித்தான்டி. சின்ன வயசுலேர்ந்து."

"சின்ன வயசுலேர்ந்துன்னா?"

"சித்தப்பா வீட்டுல இருந்தேன் இல்ல, அப்பலேர்ந்து. கதவுக்குப் பின்னாடி ஆணியில பெல்ட்டு தொங்கும். அவர் எழுந்து அந்தக் கதவுகிட்ட போனாலே எனக்குச் சிரிப்பு வந்துடும். சிரிச்சா இன்னும் ரெண்டு சேர்த்து விழும். தெரியும், ஆனாலும் அடக்க முடியாது. எவ்வளவு சிரிக்கிறேனோ அவ்வளவு விழும்." இதைச் சொல்லும்போதும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. "அப்படி ஒரு பைத்தியம் நான். நல்லவேளை, உங்கப்பா கையை ஓங்கறவர் இல்ல. பிழைச்சேன்."

சொல்லிவிட்டு மறுபடியும் பீன்ஸை எடுத்துக்கொண்டாள். அம்மா தாய் தகப்பன் இல்லாமல் சித்தப்பா வீட்டில் வளர்ந்தவள் என்று எங்களுக்குத் தெரியும். அந்த வீட்டைப் பற்றி வேறு எதுவும் தெரியாது. நாங்கள் கேட்டதும் இல்லை. இவ்வளவு வருஷம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வெட்கத்தில் நாற்காலிக்குள் புதைந்துகொண்டவள் நான். அவள் தலைக்கு மேல் பார்வையைத் தாண்ட விட்டவள் அக்கா. அக்கா தரையில் உட்கார்ந்து அம்மாவின் மடியில் தலையை வைத்துக்கொண்டாள். "என்னடி இது, பீன்ஸ் கொட்டுது, எழுந்திரு, கொன்னுடுவேன்" என்றாள் அம்மா. அக்கா எழுந்திருக்கவில்லை. நானும் போய் அந்தப் பக்கம் உட்கார்ந்தேன். மூன்று பேரும் அழுதோம், அம்மா எதற்கு என்று தெரியாமலேயே அழுதாள்.

மறுநாள் அக்கா கல்லூரிக்கு லீவு போட்டுவிட்டு, "வா" என்று என்னைக் கூப்பிட்டாள். அவர் வேலை பார்க்கிற கட்டடத்தை விசாரித்து வைத்திருந்தாள். வாசலில் 'லிஃப்ட் பழுது' என்று அட்டை தொங்கியது. பழுதாக இருக்கும் இடத்தில்தானே மெக்கானிக் இருப்பார். ஆறு மாடியும் ஏறினோம். நாலாவது மாடியிலேயே அக்காவுக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஆறாவதில் லிஃப்ட் கதவு பாதி திறந்திருந்தது. லிஃப்ட் பெட்டியின் கூரை மேல் நின்று அவர் கம்பிக் கயிற்றுக்குக் கிரீஸ் தடவிக்கொண்டிருந்தார். இடுப்பிலிருந்து மேலே மட்டும்தான் தெரிந்தது, எங்கள் இடுப்பு உயரத்தில் அவர் முகம். எங்களைப் பார்த்ததும் கையைத் துணியில் துடைக்க ஆரம்பித்தார். நான் இரண்டு படி கீழேயே நின்றுவிட்டேன்.

அக்கா பேச வாயெடுத்தாள், மூச்சு வாங்கியதில் வார்த்தை வரவில்லை. வியர்வையில் கண்ணாடி மூக்கிலிருந்து நழுவியது. அதைப் பிடிக்க வெடுக்கென்று கையைத் தூக்கினாள்.

அவர் சிரித்துவிட்டார். அதே சிரிப்பு. தொண்டையிலிருந்து எகிறி வந்தது. கூடவே தலை தோளுக்குள் போனது, துளிதான். இந்தத் தடவை நான் பார்த்தேன். அவரை எனக்கு ஒரு வருஷமாகத் தெரியும், ஆனால் நான் அவர் முன்னால் கையை ஓங்கியதே இல்லை. எனக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

அக்கா தூக்கிய கையை மெதுவாக, ரொம்ப மெதுவாகக் கீழே இறக்கினாள். அப்புறம் அந்தப் படிக்கட்டிலேயே உட்கார்ந்து, ஆறாவது மாடிக்காரர்கள் எல்லாம் கதவைத் திறந்து பார்க்கிற அளவுக்கு அழுதாள்.

"அய்யோ, என்னாச்சும்மா? தண்ணி வேணுமா? லிஃப்டு சாயங்காலம் ஓடிடும், இறங்கறதுக்குக் கவலைப்படாதீங்க" என்றார் அவர், பதறிப்போய்.

"உங்களை யாரு அடிச்சாங்க?" என்று கேட்டாள் அக்கா.

அவர் துணியைக் கையில் சுற்றினார், அவிழ்த்தார். "வொர்க்‌ஷாப்ல சின்னதுலயே சேர்த்துவிட்டாங்க. முதலாளி தொழிலெல்லாம் நல்லாத்தான் கத்துக்குடுத்தாரு. கைதான் சும்மா இருக்காது. ஏன் கேக்கறீங்க?"

"நான் உங்களைத் தப்பா படிச்சிட்டேன். என் தங்கச்சி உங்களை வரவேணாம்னு சொன்னது என்னாலதான். மன்னிச்சிடுங்க."

அவர் அக்காவைத் தாண்டி, படியில் நின்ற என்னைப் பார்த்தார். "வேற கடையில பிளாஸ்திரி சரியா ஒட்டவே இல்ல" என்றார்.

எங்கள் கல்யாணம் எளிமையாக நடந்தது. அக்காவுக்குத்தான் அதற்கப்புறம் கஷ்டம். அத்தியாயத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்று போய் நின்றாள். பேராசிரியர் குதித்தார். "உங்க வீட்டுல ரெண்டு பேர் சிரிச்சதுக்காக ஆராய்ச்சியையே மாத்துவியா?" என்று கேட்டார். "வீட்டை வெளியில நிறுத்தினதுதான் சார் தப்பு" என்றாளாம். பட்டம் வருஷக்கணக்கில் தள்ளிப்போனது. அவளுக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் டாக்டர் ஆகி, அவளுக்கே மேலதிகாரி ஆனார்கள். அவள் மறுபடியும் அதே ஸ்டூலில் போய் உட்கார்ந்தாள். ஆனால் இந்தத் தடவை படம் விட்டதும், சிரித்தவர்களைப் பின்தொடர்ந்து வெளியே டீக்கடைக்குப் போனாள். டீ வாங்கிக் கொடுத்துப் பேச்சுக் கொடுத்தாள். "எல்லாச் சிரிப்பும் அம்மா சிரிப்பு இல்லடி. சிலது வெறும் கொழுப்புதான்" என்று வந்து சொல்வாள். "ஆனா முகத்தைப் பார்த்துச் சொல்லவே முடியல. கேட்டாத்தான் தெரியுது." வகுப்பிலும் அப்படித்தான். அடிக்கிற காட்சிக்கு எவனாவது சிரித்தால் மற்றவர்கள் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது அடிதடி மிஸ்ஸின் கட்டளை. வகுப்பு முடிந்ததும் அவனுக்கு கேன்டீனில் டீ உண்டு. டீக்காகவே சிரித்த களவாணிகளும் இருந்தார்கள், அவர்களுக்கும் வாங்கிக் கொடுத்தாள்.

ஓய்வு பெற்ற பிறகு எங்களோடு வந்து இருந்தாள். எங்கள் கூடத்தில் டிவியைப் பார்த்து ஒரு சோபா, டிவிக்கு முதுகைக் காட்டி ஒரு நாற்காலி. வருகிறவர்கள் ஏன் நாற்காலி திரும்பியிருக்கிறது என்று கேட்பார்கள். "அது எங்க அக்காவோட தியேட்டர்" என்பார் என் வீட்டுக்காரர். ஞாயிறு மதியம் நாங்கள் படம் பார்ப்போம், அவள் எங்களைப் பார்ப்பாள், முடிந்ததும் கதை கேட்பாள். தெருக்கோடி தியேட்டர் எப்போதோ கட்டில், பீரோ விற்கிற கடையாகிவிட்டது. அந்த மேட்னி எங்கள் கூடத்தில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

போன வருஷம் அக்கா போய்விட்டாள். தூக்கத்திலேயே. ஒரு சொட்டு ரத்தம் இல்லாமல், அவளுக்குப் பிடித்த மாதிரி. நாற்காலியை யாரும் திருப்பவில்லை. தரை துடைக்கும்போது நகர்த்துவேன், அப்புறம் பழையபடியே போட்டுவிடுவேன். யாரும் உட்காரவும் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை டிவியில் அந்தப் படம் போட்டார்கள். அதே தகப்பன், அதே சுவர். என் வீட்டுக்காரருக்கு அது அன்றைக்கு மேட்னியில் பார்த்த படம் என்று நினைவில்லை போல. சோபாவில் காலை நீட்டி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து போய் அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்தேன். இத்தனை வருஷம் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து சிரிப்பைக் காதால்தான் கேட்டிருக்கிறேன். எதிரில் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. என் முதுகுக்குப் பின்னால் பெல்ட் கழலும் சத்தம் கேட்டது. அவர் முகத்தில் டிவி வெளிச்சம் மாறியது. சிரிப்பு வருவதற்கு முன்னால் ஒரு நொடி இருக்கிறது. அந்த நொடியில் அவருக்கு நரையும் இல்லை, கண்ணாடியும் இல்லை, யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்த ஒரு சின்னப் பிள்ளையின் முகம்தான் இருந்தது. அப்புறம் சிரித்தார்.

நான் முன்னால் சரிந்து, அவர் கையை என் இரண்டு கைக்குள்ளும் எடுத்துக்கொண்டேன். மெதுவாகத்தான் எடுத்தேன்.

"என்ன, படம் பார்க்கலையா?" என்றார்.

"பார்த்துட்டுதான் இருக்கேன்" என்றேன்.